ஓரத்தால் நுழையும் வெளிச்சம்

உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட, மின்சாதனங்கள் திருத்தும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. சில வாரங்களுக்கு முன்னர் அங்கே போய், எரியாமல் போன பனல் லைற் ஒன்று தரமுடியுமா என்று கேட்டேன். திருத்தவா என்றார் கடைக்காரர். இல்லை, கழற்றிப் பார்க்க என்றேன். அவர் சிரித்துவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த குவியலில் இருந்து சதுரமான ஒன்றை இழுத்து எடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

அதைக் கேட்டிருந்தது என் அக்கா. அவர் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறார். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 28ஆம் திகதியை ஒட்டி, சர் சி. வி. இராமனைப் பற்றி ஒரு வகுப்பு எடுப்பார். இந்தியாவில் அன்றுதான் தேசிய அறிவியல் நாள். எங்கள் பாடத்திட்டத்தில் அப்படியொரு நாள் இல்லை. இருந்தாலும் அக்கா அதைத் தவறவிடுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். நான் ஊடகக் கற்கை படித்தவள். ஒளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொல்லித் தந்தவையும், இந்தக் கட்டுரைக்காக வாசித்தவையும்தான்.

அன்று பின்னேரம் விறாந்தையில் வைத்து அந்த விளக்கைக் கழற்றினோம். பின்தகட்டை எடுத்தால், நடுவில் ஒரு மின்குமிழும் இல்லை. வெள்ளைத் தாள் ஒன்று. அதன் மேல் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தட்டு ஒன்று. அதற்கும் மேலே பால் நிறத் தாள். அவ்வளவுதான். எல்.ஈ.டி.கள் எல்லாம் சட்டத்தின் ஓரத்தில், ஒரு நாடாவில் வரிசையாக ஒட்டப்பட்டு, தட்டின் விளிம்பைப் பார்த்தபடி இருந்தன. வெளிச்சம் தட்டின் முகத்தால் உள்ளே போவதில்லை. மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓரத்தால்தான் நுழைகிறது.

நுழைந்த ஒளி ஏன் உடனே வெளியே வந்துவிடவில்லை? அக்கா கொப்பியில் கோடு கீறிக் காட்டினார். அக்ரிலிக்கின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.49. அதன் அவதிக்கோணம் 42 பாகை. காற்றில் இருந்து ஓரத்தால் நுழையும் கதிர் எவ்வளவு சரிந்து வந்தாலும், உள்ளே போனதும் நேர்க்கோட்டுக்கு 42 பாகைக்குள் மடங்கிவிடும். அப்படியானால் தட்டின் அகன்ற முகத்தில் அது படும் கோணம் 48 பாகைக்குக் குறையாது. அவதிக்கோணத்தைத் தாண்டியாயிற்று. எனவே வெளியேற வழியில்லை. முழு அகத்தெறிப்பு அடைந்து, மேலும் கீழுமாகத் தட்டுப்பட்டுத் தூரத்துக்குப் போகும். தட்டின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்ட மிகச் சிறிய வெள்ளைப் புள்ளிகளில் பட்டுச் சிதறினால் மட்டுமே அது எங்கள் அறைக்கு வரும். அந்தப் புள்ளிகள் எல்.ஈ.டி.க்குக் கிட்ட ஐதாகவும், தள்ளிப் போகப் போக நெருக்கமாகவும் இருந்தன. கிட்ட இருப்பவர்களே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தூரத்தில் இருப்பவர்களுக்கு மிஞ்சாது என்பது போல.

சிக்கல் இவை எல்லாவற்றுக்கும் முதற்படியில் இருக்கிறது. ஒளியை அந்த மெல்லிய ஓரத்துக்குள் புகுத்துவதுதான் பெரும்பாடு. எல்.ஈ.டி. தன் முன்னால் எல்லாத் திசைக்கும் ஒளியை விசிறுகிறது. அது தட்டின் தடிப்பை விட உயரமாக இருந்தால், மிஞ்சும் ஒளி மேலாலும் கீழாலும் வழிந்துவிடும். இடையில் ஒரு சிறு இடைவெளி விழுந்தாலும் அப்படித்தான். நேராக நுழையும் ஒளியில்கூட நூற்றுக்கு நான்கு பங்கு விளிம்பிலேயே தெறித்துத் திரும்பும். வில்லை ஒன்றை வைத்துச் சுருக்கலாமே என்று கேட்டேன். சுருக்கலாம், ஆனால் அகலத்தைச் சுருக்கினால் கோணம் விரியும், இரண்டையும் ஒன்றாகக் குறைக்க இயற்கை விடாது என்றார் அக்கா. எங்கள் விளக்கில் நாடாவின் ஒட்டு இளகி, எல்.ஈ.டி. வரிசை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. எரிந்த காலத்திலேயே அது அரைவாசி வெளிச்சத்தைச் சட்டத்துக்குள் வீணாக்கியிருக்கும்.

வகுப்புக்கு இந்த விளக்கு எதற்கு என்று கேட்டேன். இராமன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையும் இதுதான் என்றார். கிடைக்கிற வெளிச்சத்தை, வேண்டிய சின்ன இடத்துக்குள் சிந்தாமல் புகுத்துவது.

ஜாம் போத்தல் விளக்கு

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவர். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைப்பதற்கு அரிதாகின. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. போத்தலின் அடியில் கொஞ்சப் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. எண்ணெய் சிக்கனம், காற்றுக்கும் அணையாது. ஒரு தலைமுறை அதற்கு முன்னால் குந்தியிருந்துதான் பரீட்சைகளுக்குப் படித்தது.

அக்கா அந்த விளக்குக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைப்பார். முன்னால் தண்ணீர் நிரப்பிய உருண்டைப் போத்தல் ஒன்றை வைப்பார். அப்போது சுடரின் வெளிச்சம் கொப்பியின் மேல் ஒரு சிறிய வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள் ஒரு வரியை வாசித்து முடித்துக் கொப்பியை நகர்த்துவார். நான் பக்கத்தில் படுத்திருந்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நித்திரையாகிவிடுவேன். அவருக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்த ஆசிரியர். ஆய்வுகூடத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், அவர் சன்னலில் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடித்துச் சூரிய வெளிச்சத்தை வகுப்புக்குள் திருப்பி, வில்லைப் பரிசோதனைகளைச் செய்து காட்டினாராம். அப்படிச் செய்யும்போதுதான் இராமனின் கதையை அவர் சொல்லியிருக்கிறார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எனக்கு ஏழு வயது. அக்காவுக்கு உயர்தரப் படிப்பு நடந்துகொண்டிருந்தது. தென்மராட்சிக்குப் போன எங்கள் சைக்கிளில் ஒரு அரிசிப் பை, இரண்டு பாய்கள், ஒரு குடம் இருந்தன. அக்காவின் தோள் பையில் அந்தப் பௌதிகவியல் கொப்பி இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் இராமனின் வாழ்க்கையை அவர் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பி இன்றும் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் கதையின் எலும்பு அதிலிருந்து வந்தது.

பௌபசார் வீதிக் கதவு

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்தவர். தாய் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே இடம்பெயர்ந்தது. பையன் பதினொரு வயதில் மெற்றிக்குலேசன் தேறினான். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் முதலாமவனாகப் பட்டம் பெற்று, பௌதிகவியலில் தங்கப் பதக்கமும் வாங்கினான்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் உடலைப் பரிசோதித்த வைத்தியர், இங்கிலாந்தின் குளிரை இந்த மெலிந்த உடம்பு தாங்காது என்று தடுத்துவிட்டார். இராமன் சென்னையிலேயே இருந்தார். கல்லூரியில் அரியம் ஒன்றை வைத்து ஒளியை அளந்துகொண்டிருந்தபோது ஒழுங்கற்ற பட்டைகள் சில கண்ணில் பட்டன. ஏன் என்று தானே ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1906 நவம்பரில் இலண்டனின் பிலோசொபிக்கல் மகசீனில் வெளியானது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. வழிகாட்டி என்று ஒருவரும் இல்லை.

விஞ்ஞானத்தை நம்பி அன்றைய இந்தியாவில் ஒருவர் வாழ முடியாது. எனவே நிதித்துறைப் பரீட்சை எழுதித் தேறினார். 1907இல் வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரியைத் திருமணம் செய்தார். அதே வருடம் இருவரும் கல்கத்தா போனார்கள். பதவி: உதவிக் கணக்காளர் நாயகம்.

ஒருநாள் ட்ராமில் வேலைக்குப் போகும் வழியில், பௌபசார் வீதி 210ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர், இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் பணம் சேர்த்துக் கட்டியது. மண்டபம் இருந்தது, கருவிகள் இருந்தன. ஆராய ஆள் வரவில்லை. கட்டியவர் அந்த ஏக்கத்தோடேயே இறந்துபோனார். இராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அசுதோஷ் தே. பின்வந்த இருபத்தைந்து வருடங்கள் அவரே இராமனின் வலக்கையாக இருந்தார்.

அதன் பிறகு பத்து வருடங்கள் இராமன் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு ஆய்வுகூடம். காலை குளித்துச் சாப்பிட்டு அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் ஆய்வுகூடம். இரவு ஒன்பதரைக்கு வீடு. இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் இடமாற்றம் வந்தது. அங்கேயும் வீட்டில் ஓர் அறையை ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. சம்பளம் அரச வேலையில் வாங்கியதில் ஏறக்குறைய பாதி. ஏற்றுக்கொண்டார்.

இடம்பெயர்ந்த வீடுகளில் நாங்கள் இருந்தபோது அக்காவுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது என்று நினைக்கிறேன். வேறு வழியில்லாததால் வேறொரு வேலை செய்துகொண்டு, விடியலிலும் இரவிலும் தனக்கான வேலையைச் செய்கிற ஒருவர்.

கடலின் நீலமும் கும்பகோபுரத்தின் சத்தமும்

1921இல் முதன்முறையாக இங்கிலாந்து போனார். ஒக்ஸ்போர்ட்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. இலண்டனில் இருந்தபோது புனித பவுல் தேவாலயத்தின் கும்பத்தைப் பார்க்கப் போனார். அதன் உட்சுவரோடு வாயை வைத்து முணுமுணுத்தால், பல அடி தள்ளி எதிர்ப்பக்கச் சுவரில் காதை வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். எல்லோரும் வியந்துவிட்டுப் போகிற இடத்தில் இராமன் நின்று அளந்தார். சத்தம் நடுவெளியால் போகவில்லை. வளைந்த சுவரை ஒட்டி, அதை விட்டு விலகாமல் ஊர்ந்து போகிறது. ஊருக்குத் திரும்பியதும் விஜயபுரத்துக் கோல் கும்பாஸ், பாட்னாவின் பழைய தானியக் களஞ்சியம், கல்கத்தாவின் விக்ரோறியா நினைவு மண்டபம் என்று தேடித் தேடிப் போய் அதே சோதனையைச் செய்தார்.

பனல் லைற்றின் தட்டுக்குள் ஒளி அகப்பட்டு ஓடுவதும், கும்பத்தின் சுவரோரம் சத்தம் அகப்பட்டு ஓடுவதும் உறவுக்காரர்கள் என்று அக்கா சொன்னார். அலை ஒன்றுக்கு ஓர் எல்லை இருந்தால், அந்த எல்லையே அதற்கு வழிகாட்டியாகவும் ஆகிவிடுகிறது.

திரும்பும் வழியில் நர்குண்டா என்ற கப்பல் மத்தியதரைக் கடலைக் கடந்தது. கடலின் ஆழ்ந்த நீலம் இராமனைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் கடலில் தெறிப்பதுதான் அது என்று பெரும் விஞ்ஞானியான ரேலி பிரபு எழுதியிருந்தார். இராமனின் சட்டைப் பையில் நிக்கல் அரியம் ஒன்று இருந்தது. அதைக் கண்ணுக்கு முன் பிடித்துத் திருப்பினால் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியை அணைத்துவிடலாம். வான ஒளியை அணைத்துப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, இன்னும் ஆழமாயிற்று. ஆக, நீலம் வானத்திடம் கடன் வாங்கியதல்ல; நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. கப்பலிலேயே எழுதி, பம்பாயில் இறங்கியதும் தபாலில் சேர்த்தார்.

பதினெட்டு சென்ரிமீற்றர் வில்லை

அடுத்த ஏழு வருடங்கள் அவருடைய ஆய்வுகூடத்தில் திரவங்கள், ஆவிகள், பனிக்கட்டி, கண்ணாடி என்று எல்லாவற்றினூடாகவும் ஒளி பாய்ச்சப்பட்டது. 1923இலேயே அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். எவ்வளவு சுத்தப்படுத்திய திரவத்திலும், சிதறிய ஒளியில் மிக மங்கலாக வேறு நிறம் ஒன்று கலந்திருந்தது. அழுக்கு என்று நினைத்தார்கள். சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த அது போகவில்லை. 1927 இறுதியில் இன்னொரு மாணவரான வேங்கடேஸ்வரன், கிளிசரினில் சிதறிய சூரிய ஒளி நீலமாக இல்லாமல் பச்சையாகத் தெரிவதைக் கண்டார்.

இங்கேதான் வெளிச்சத்தைப் புகுத்தும் சிக்கல் முன்னுக்கு வருகிறது. திரவத்துக்குள் போகும் ஒளியில் மிகச் சிறு பங்குதான் சிதறும். சிதறியதிலும் நிறம் மாறி வருவது இன்னும் சிறிது. உள்ளே போனதில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கு. லேசர் பிறக்க இன்னும் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தது. கல்கத்தாவில் தாராளமாகக் கிடைத்தது வெயில் ஒன்றுதான். ஆனால் வெயில் பரந்து விழுகிறது. சோதிக்கும் குடுவையோ சிறியது.

இராமன் தொலைநோக்கி ஒன்றின் வில்லையை எடுத்தார். 18 சென்ரிமீற்றர் அகலம், 230 சென்ரிமீற்றர் குவியத்தூரம். அவ்வளவு அகலத்தில் விழும் வெயில் முழுவதையும் அது ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் வட்டமாகச் சுருக்கும். அதையும் 5 சென்ரிமீற்றர் குவியத்தூரமுள்ள இரண்டாவது வில்லையால் இன்னும் சுருக்கி, குவியும் இடத்தில் திரவத்தை வைத்தார். கதிரின் பாதையில் ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று. கண்ணுக்கு முன்னால் அந்த ஊதாவை முற்றாகத் தடுக்கும் இன்னொரு வடிகட்டி. நிறம் மாறாத ஒளி எதுவும் கண்ணுக்கு வரமுடியாது. ஏதாவது தெரிந்தால், அது திரவத்துக்குள் நிறம் மாறிப் பிறந்த ஒளியாகத்தான் இருக்க வேண்டும். அளக்கும் கருவி மனிதக் கண். இருட்டுக்குப் பழகிய கண்.

அந்தக் கண்களில் முக்கியமானவை கே. எஸ். கிருஷ்ணனுடையவை. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். 1928 பெப்ரவரி மாதம் முழுவதும் அவர் நாளுக்கு நாள் பார்த்துப் பார்த்துக் குறித்தார். 60 திரவங்கள் வரை சோதித்தார்கள். எல்லாவற்றிலும் மங்கலான அந்த ஒளி தெரிந்தது. பெப்ரவரி 28ஆம் திகதி, வெயிலுக்குப் பதிலாக இரச ஆவி விளக்கை வைத்து, சிறிய நிறமாலைகாட்டியால் பார்த்தபோது, விளக்கில் இல்லாத புதிய கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒளி மூலக்கூறோடு மோதி, தன் சக்தியில் ஒரு குறிப்பிட்ட அளவைக் கொடுத்துவிட்டோ வாங்கிக்கொண்டோ வருகிறது. எவ்வளவு என்பது மூலக்கூறைப் பொறுத்தது. எனவே அந்தக் கோடுகள் ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை போன்றவை. அதே நாட்களில் மொஸ்கோவில் லன்ட்ஸ்பெர்க், மன்டெல்ஷ்டாம் ஆகிய இருவர் பளிங்கில் இதையே கண்டிருந்தார்கள். ஆனால் அச்சில் முதலில் வந்தது கல்கத்தாவின் கண்டுபிடிப்பு. 1930இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. அறிவிப்பு வருவதற்கு முன்பே ஸ்ரொக்ஹோமுக்குக் கப்பல் இடம் பதிவு செய்து வைத்திருந்த அளவுக்கு அவருக்கு நம்பிக்கை.

கிருஷ்ணனுக்குப் பரிசில் பங்கு இல்லை. முதல் கடிதத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன. பரிசில் ஒரு பெயர்தான் இருந்தது. கிருஷ்ணன் பின்னர் தன் வழியில் பெரும் விஞ்ஞானியாகி, டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். இருவருக்கும் இடையில் யாருக்கு எவ்வளவு உரியது என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அக்காவின் கொப்பியில் கிருஷ்ணனின் பெயர் ஒரே ஒரு இடத்தில், அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

மூடிய கதவு

கொப்பியில் இல்லாத ஒரு பகுதியும் உண்டு. இந்தக் கட்டுரைக்காக வாசித்தபோதுதான் அதை அறிந்தேன்.

1933இல் இராமன் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். அதே வருடம் பம்பாயில் முதல் வகுப்பில் தேறிய கமலா பாக்வத் என்ற இளம்பெண் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் இராமன் மறுத்துவிட்டார். கமலா திரும்பிப் போகவில்லை. நேரில் வந்து, காந்திய வழியில் அங்கேயே இருந்து போராடினார். கடைசியில் இராமன் நிபந்தனைகளோடு விட்டுக்கொடுத்தார்: ஒரு வருடம் சோதனைக் காலம், அதன் பிறகே அங்கீகாரம். வருட முடிவில் அவருடைய உழைப்பைக் கண்டு இராமன் மனம் மாறினார். அதற்குப் பின் பெண்களுக்குக் கதவு திறந்தது. கமலா கேம்பிரிட்ஜ் போய் 1939இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்ற பெயரில் இந்தியாவின் முன்னோடி உயிர்வேதியியலாளர் ஆனார். சில வருடங்கள் கழித்து இராமனின் ஆய்வுகூடத்திலேயே அன்னா மணி வைரங்களும் மாணிக்கங்களும் உமிழும் ஒளியை ஆராய்ந்தார். ஒரு படத்துக்குப் பல மணிநேரம் காத்திருந்து ஒளிப்படத் தகடுகளில் பதிவு செய்த ஆய்வு அது. முதுமாணிப் பட்டம் இல்லை என்று பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் தர மறுத்தது.

இதை அக்காவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும். பல வருடங்களாகத் தெரியும். பிறகேன் வகுப்பில் சொல்வதில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

1996இல் ஊருக்குத் திரும்பி, அக்கா பரீட்சை எழுதினார். விஞ்ஞான பீடத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. வெளிவாரியாகப் படித்தபடி, தனியார் கல்வி நிலையம் ஒன்றில் பௌதிகவியல் கற்பிக்க இடம் கேட்டுப் போனார். பெண்பிள்ளை பௌதிகவியல் படிப்பித்தால் பெடியள் மதிக்கமாட்டார்கள், வேண்டுமென்றால் சின்ன வகுப்புக்குக் கணிதம் எடுக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். அக்கா வீட்டுக்கு வந்து எங்கள் விறாந்தையில் நான்கு பிள்ளைகளோடு தொடங்கினார். அந்த நான்கு பேருக்கும் முதல் வாரம் அவர் சொன்ன கதை இராமனுடையது. தன்னைத் திருப்பி அனுப்பியவர்களைப் போலத்தான் அந்த மனிதரும் ஒருகாலத்தில் ஒருத்தியைத் திருப்பி அனுப்பினார் என்பதைப் பின்னாளில் வாசித்தபோது, நம்பியிருந்த கைவிளக்கு ஒன்று அணைந்தது போல இருந்ததாம். அதனால் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு இது பழக்கமான வேலை. நாங்கள் மதிக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கத்தை மடித்து வைத்துவிடுவோம். இழப்புகளுக்குப் பிறகு மிஞ்சியிருப்பதையும் குறைத்துக்கொள்ள மனம் வருவதில்லை. ஆனால் மடித்து வைத்த பக்கம் அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போவதில்லை. அவர்கள் வேறெங்கோ வாசித்துவிட்டு வந்து, மற்றப் பக்கங்களையும் சேர்த்து நம்பாமல் விடுகிறார்கள்.

மின்சாரம் இல்லாத ஆய்வுகூடம்

பெங்களூரில் இராமனுக்கும் கழகத்தின் நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1937இல் இயக்குநர் பதவியை விட்டுப் பேராசிரியராக மட்டும் இருந்து, 1948இல் ஓய்வு பெற்றார். ஆனால் அவருக்கு ஓயத் தெரியாது. 1934இல் மைசூர் அரசு கொடுத்திருந்த நிலத்தில் தன் பெயரில் ஓர் ஆய்வு நிலையம் கட்டினார். பணத்துக்காகப் பலரிடமும் கேட்டுப் போனார். கணக்குக் காட்டச் சொல்லும், கட்டளை போடும் என்று அரசின் உதவியை மட்டும் தள்ளி வைத்தார்.

கட்டடம் எழும்பியது. ஆனால் ஆரம்ப காலத்தில் அங்கே மின்சாரம் வந்திருக்கவில்லை. நோபல் பரிசு பெற்று இருபது வருடங்களான, அறுபது வயது தாண்டிய விஞ்ஞானி என்ன செய்தார்? இருபது வயதில் செய்ததையே செய்தார். வெளியே ஒரு கண்ணாடியை வைத்து, சூரியன் நகர நகர அதைக் கையால் திருப்பி, வெயிலை ஒரு துளையால் இருட்டறைக்குள் விட்டார். சில வில்லைகள், சில பளிங்குகள், கூடவே இரண்டு மூன்று இளைஞர்கள். அந்த வெளிச்சத்திலேயே ஆய்வுகள் நடந்து, கட்டுரைகள் வெளிவந்தன.

அக்காவின் ஆசிரியர் உரும்பிராயில் சன்னலில் கண்ணாடி பிடித்துப் படிப்பித்தபோது சொன்னது இந்தப் பகுதியைத்தான். மின்சாரம் இல்லை என்பது படிப்பு இல்லை என்பதற்குக் காரணமாகாது என்று பிள்ளைகள் நம்புவதற்கு அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.

கடைசி வருடங்களில் இராமன் பூக்களின் நிறங்களையும் மனிதக் கண் பார்க்கும் விதத்தையும் ஆராய்ந்தார். வளவில் ரோசாக்கள் வளர்த்தார். 1970 ஒக்டோபர் 2ஆம் திகதி தன் வழமையான காந்தி நினைவுரையை ஆற்றினார். நவம்பர் 21ஆம் திகதி இறந்தார். அவர் விருப்பப்படியே உடல் நிலையத்தின் வளவிலேயே தகனம் செய்யப்பட்டது.

அவருடைய பெயரைத் தாங்கிய விளைவு இன்று மருந்துகளையும் இரத்தினக்கற்களையும் இனங்காணும் கருவிகளில் வேலை செய்கிறது. தொலைதூரக் கண்ணாடி இழைகளில் சோர்ந்துபோகும் ஒளிச் சமிக்ஞைக்குத் தெம்பூட்டவும் அதே விளைவைப் பயன்படுத்துகிறார்கள். பனல் தட்டுக்குள் ஓடுவது போல, முழு அகத்தெறிப்பால் இழைக்குள் அகப்பட்டு ஓடும் ஒளி அது. புலம்பெயர்ந்த உறவுகளின் முகம் எங்கள் கைபேசிக்கு வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இழைகளின் வழியாகத்தான்.

இந்த வருட வகுப்பு

பெப்ரவரி 28 பின்னேரம் நானும் வகுப்பில் போய் இருந்தேன். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். அக்கா முதலில் சன்னலைச் சாத்திவிட்டு, வெளியே ஒரு மாணவனை முகம் பார்க்கும் கண்ணாடியோடு நிறுத்தினார். நீக்கலால் வந்த வெயில், கழற்றி வைத்த அக்ரிலிக் தட்டின் முகத்தில் பட்டபோது தட்டைக் கடந்து சுவருக்குப் போனது. தட்டில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு தட்டைத் திருப்பி, அதன் ஓரத்தில் கதிர் படும்படி பிடித்தார். உடனே அதன் முகம் முழுவதும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் பூத்தது. பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் எழும்பி நின்று பார்த்தார்கள்.

அதன் பின் இராமனின் கதையைச் சொன்னார். திருவானைக்காவலில் தொடங்கினார். கிருஷ்ணனின் பெயரை இந்த முறை கரும்பலகையில் இராமனின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார். பெங்களூருக்கு வந்ததும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கமலாவின் கதையை, ஒன்றையும் விடாமல் சொன்னார். கடைசியில் தனக்கு ஒருகாலத்தில் இடம் மறுக்கப்பட்டதையும் சொன்னார்.

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது. இராமனை இன்னும் உங்களுக்குப் பிடிக்குமா ரீச்சர் என்று கேட்டது. பிடிக்கும், இப்போது அவரை முழுதாகத் தெரியும் என்றார் அக்கா. அந்தப் பிள்ளை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியில் எதையோ குறித்துக்கொண்டது. வெளியே கண்ணாடி பிடித்தபடி நின்ற மாணவன், கை நோகிறது, கீழே வைக்கலாமா என்று குரல் கொடுத்தான்.